ஞாயிறு ரேஸ், திங்கள் முட்டிவலி

ஞாயிற்றுக்கிழமை மலை ரேஸ் நடந்தால் திங்கட்கிழமை சாயங்காலம் என் கிளினிக்கில் இரண்டு பேராவது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்ட். வார இறுதியில் சைக்கிள் ஓட்டுகிறவனும்கூட. ஏற்காடு மலை எங்கள் ஊருக்குத் தந்த கொடைகளில் இந்த முட்டிவலியும் ஒன்று.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியே வேடிக்கை. சைக்கிளில் ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு கணக்குப் பாடம்.

போன சீசனில் ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், சொந்தத் தொழில், இரண்டு வருடமாகத்தான் சைக்கிள். வலது முட்டிச்சில்லுக்குக் கீழே விரலை வைத்ததும் துள்ளிவிட்டார்.

“தேய்மானமா சார்?”

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். “பின்சக்கரத்தில் இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல்?” என்று நான் திருப்பிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் சைக்கிளோடு வரச்சொன்னேன். எண்ணிப் பார்த்தோம். முன்னால் சின்னச் சக்கரத்தில் 39 பல், பின்னால் பெரியதில் 25. சமவெளியில் பறக்க அருமையான கியர்தான். ஏற்றத்துக்கு அது முட்டியின் எதிரி.

கணக்கைப் பாருங்கள். 8 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரம். அதில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 39-க்கு 25 கியரில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு சுமார் 50 சுற்றுதான் மிதிக்க முடியும். முன்னால் 34, பின்னால் 32 பல் போட்டால் அதே வேகத்துக்கு 75 சுற்று வரும். வேகம் அதேதான், செலவாகும் சக்தியும் அதேதான். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் முட்டி தாங்குகிற பாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் மிதிக்கிற ஆயிரக்கணக்கான மிதிகளுக்கும் இந்தக் குறைவு உண்டு. பாரத்தைத் தசையிடமிருந்து மூச்சுக்கு மாற்றுகிறோம். மூச்சு மாலைக்குள் சரியாகிவிடும், முட்டிச்சில்லின் தசைநாண் சரியாக ஆறு வாரம்கூட ஆகலாம்.

“அவ்வளவு சின்ன கியரா? பசங்க சிரிப்பாங்களே” என்றார். மலை ரேஸில் நான் பார்க்கும் முட்டிவலியில் பெரும்பகுதி இந்த வெட்கத்திலிருந்து வருவதுதான். பெரிய கியரில் எழுந்து நின்று மிதிப்பதுதான் வீரம் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். உலகின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில் ஓட்டுகிறவர்களே மலை நாளில் சின்ன கியரைப் போட்டுக்கொண்டு சுழற்றுகிறார்கள். நமக்கு என்ன கௌரவம்?

சீட் உயரத்தையும் அப்படியே பார்த்துவிட வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், ரொம்ப உயரமாக இருந்தால் பின்பக்கம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். வீட்டிலேயே பார்க்க இது போதும்.

அடுத்தது கிளம்பும் வேகம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, என் முதல் ரேஸை நானே இப்படித்தான் கெடுத்துக்கொண்டேன். அடிவாரத்தில் கொடி அசைந்ததும் முன்னால் போன கும்பலோடு நானும் பாய்ந்தேன். மூன்றாவது வளைவு வரை ராஜா. ஐந்தாவதில் தொடை இரண்டும் கருங்கல். எட்டாவதில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். கையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு குரங்கு வந்து வாங்கிக்கொண்டு போனது. வாங்கிக்கொண்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

சமவெளியில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு குறைந்து உழைப்பில் மூன்றில் ஒரு பங்குவரைகூட மிச்சமாகும். மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை, எடைதான் எல்லாம். அதனால் யார் முதுகின் பின்னாலும் ஒளிய முடியாது. பெடலை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். ஆரம்பத்தில் அத்துமீறியவனுக்கு மூச்சு வாங்க மலை இடமே தராது. முதல் இருபது நிமிடம் பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்வோம், அங்கேதான் சரிவு செங்குத்து. அதற்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம், சரிவு குறைவு. தண்ணீர் குடிக்க, பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட அதுதான் இடம். ஆனால் மேலிருந்து வரும் பஸ் எவ்வளவு அகலமாகத் திரும்பும் என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என்னைக் கோபப்படுத்துகிற விஷயம். ரேஸ் காலையில் ‘முன்னெச்சரிக்கையாக’ டைக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்வையில் நீர் வற்றும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த வகை மாத்திரை அதை இன்னும் குறைக்கும். அதோடு, நிறுத்து என்று முட்டி சொல்வது உங்கள் காதில் விழாது. 1967 ஜூலை 13 அன்று பிரான்ஸின் வான்தூ மலையில் கடும் வெயிலில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின்போது, பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் டாம் சிம்ப்சன் உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம் இருக்கையில் விழுந்து இறந்தார். அவர் உடம்பில் ஆம்ஃபெட்டமினும் மதுவும் இருந்தன. உலக சாம்பியன் பட்டம் வென்றவர். மருந்து வேறுதான், ஆனால் இரண்டும் உடம்பின் குரலை அடைக்கிற வேலையைத்தான் செய்கின்றன.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் இறங்கிவிடுங்கள். கேஸ் என்று சொல்லிக்கொண்டு அடுத்த வளைவு வரை போகாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள், ரேஸுக்குப் பெயர் கொடுக்கும் முன் இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிசியோதெரபிஸ்ட் போதாது.

கடைசியாக இறக்கம். உச்சிக்கு வந்ததும் ரேஸ் முடிந்தது என்று நினைக்கிறோம். நனைந்த பனியனோடு கீழே பாய்ந்தால் குளிரில் விரல் மரத்து பிரேக் பிடிபடாது. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விட்டு இறங்க வேண்டும். குளிருக்கு ஐரோப்பியப் பந்தயக்காரர்களின் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. சட்டைக்குள் நெஞ்சில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வது.

போன ரேஸில் மேலே ஒரு டீக்கடையில் நான் பழைய தினசரி ஒன்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எத்தனை பஜ்ஜி சார்?” என்றார்.