அலைன்மென்ட்: நூல் பிடித்தல்

வடிவமைப்பு மென்பொருளில் பொருள்களை ஒரே கோட்டில் நிறுத்தும் வேலைக்கு அலைன்மென்ட் என்று பெயர். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு நூல் கிடக்கிறது. கோட்டில் நிறுத்துதல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் இது. அந்தக் கோட்டுக்கு மூலம் லத்தீனின் 'லீனியா'. ஆளிச்செடியின் பெயர் 'லீனும்'. அதன் நாரில் திரித்த நூல்தான் லீனியா. நூலை இழுத்துக் கட்டினால் நேர்க்கோடு கிடைக்கும் அல்லவா, நூலின் பெயரே கோட்டுக்கும் ஆயிற்று.

தமிழும் இதே வழியில் வந்திருப்பது எனக்குத் தீராத மகிழ்ச்சி. வரிசை பிசகாமல் இருந்தால் 'நூல் பிடித்தாற்போல்' என்கிறோம். மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சரின் நூலையும் மனக்கோணலைத் தீர்க்கும் நூலையும் அருகருகே வைத்துப் பேசுகிறது நன்னூல் பாயிரம்.

இத்தனை இருக்க, 'சீரமைப்பு' என்று மொழிபெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாலைச் சீரமைப்பு, ஏரிச் சீரமைப்பு என்று நாளிதழில் படித்துப் பழகியவருக்கு அது பழுதுபார்க்கும் வேலை. 'நேரமைவு' என்றால் நேரம் பற்றியது என்று கண் ஏமாறும். 'அணிசேர்தல்' அரசியலுக்குப் போய்விட்டது. அணிசேரா நாடுகள் என்பதில் இருப்பதும் இதே அலைன்மென்ட்தான். 'நேர்ப்படுத்தல்' என்பதே என் தேர்வு. 'இடப்புறம் நேர்ப்படுத்து', 'நடுவில் நேர்ப்படுத்து' என்று பொத்தானில் ஏவலாகவும் இயல்பாக நிற்கும்.

பெயரைவிட முக்கியமான கேள்வி, எதற்கு நேராக என்பது. கொத்தனார் செங்கல்லை எடுக்கும் முன்பே இரு மூலையிலும் நூலைக் கட்டிவிடுகிறார். மென்பொருளும் எங்கோ ஓரிடத்தில் நூலைக் கட்டித்தான் ஆக வேண்டும். திரை வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மாவில் சட்டகத்துக்குள் (ஃபிரேம்) இருக்கும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து இடப்புறம் நேர்ப்படுத்தினால், அது சட்டகத்தின் இட விளிம்பில் போய் ஒட்டும். மூன்றைச் சேர்த்துத் தேர்ந்தால் சட்டகம் கணக்கில் வராது. மூன்றில் எது இடக்கோடியில் இருக்கிறதோ அதன் விளிம்பே நூல். புதிதாகப் பழகுபவர்கள் திகைப்பது இங்கேதான். பொத்தான் ஒன்றே, நூல் கட்டிய இடம் வேறு. வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் அந்த இடத்தை நாமே சொல்லலாம்: பலவற்றைத் தேர்ந்த பின் ஒன்றை மட்டும் மறுபடி சொடுக்கினால் அதன் வெளிக்கோடு தடிக்கும். அது அசையாது, மற்றவை அதை நோக்கி வரும்.

பக்கத்திலேயே இருக்கும் 'டிஸ்ட்ரிப்யூட்' வேறு வேலை. கடைக்கோடி இரண்டும் இருந்த இடத்தில் இருக்க, நடுவில் உள்ளவை சம இடைவெளிக்கு நகரும். 'பகிர்தல்' என்றால் யாருக்கோ அனுப்புவது என்றாகிவிடும்; 'இடைவெளி சமமாக்கு' போதும்.

இன்னொன்று. கருவி பொருளின் உருவத்தைப் பார்ப்பதில்லை, அதைச் சுற்றியுள்ள கற்பனைப் பெட்டியைத்தான் அளக்கிறது. வட்டத்துக்குள் வலப்புறம் நோக்கும் முக்கோணம் வைத்த காணொளிப் பொத்தானை நடுவில் நேர்ப்படுத்திப் பாருங்கள். கணக்கு சரி, ஆனால் முக்கோணம் இடப்புறம் ஒதுங்கித் தெரியும். பெட்டியின் நடுப்புள்ளி இருப்பது அகலத்தின் பாதியில். முக்கோணத்தின் கனம் கூடும் புள்ளியோ அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில். வித்தியாசம் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. 24 பிக்சல் அகல முக்கோணம் என்றால், நேர்ப்படுத்திய பிறகு வலது அம்புவிசையை நான்கு முறை தட்ட வேண்டும்.