தமனவாஸ்: குலதெய்வம் என்று எழுதாதீர்கள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் சினூக் மக்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், ‘தமனவாஸ்’ என்ற சொல் வந்ததும் ‘குலதெய்வம்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது சின்னப் பிழை இல்லை.

கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் பேசிய சினூக் மொழிச் சொல் இது. பல இனத்தாரும் வியாபாரத்துக்குப் பேசிய ‘சினூக் வாவா’ என்ற கலப்புமொழியிலும் பரவியது. அந்தக் கலப்புமொழிக்கு ஜார்ஜ் கிப்ஸ் தொகுத்த 1863ஆம் ஆண்டு அகராதி காவல் ஆவி, மந்திரம், அதிர்ஷ்டம் என்றெல்லாம் பொருள் தருகிறது.

சரி, குலதெய்வம் ஏன் ஆகாது? குலதெய்வம் அப்பன் வழியில் தானாக வருவது. பங்காளிகள் எல்லாருக்கும் ஒன்றே. தமனவாஸ் அவரவர் தேடி அடைவது. வளரும் பிள்ளையை ஊரைவிட்டுத் தனியே அனுப்புவார்கள். பட்டினி கிடந்து, கண்விழித்துக் காத்திருந்தால் விலங்காகவோ பறவையாகவோ ஓர் ஆவி தோன்றித் தன் ஆற்றலைத் தரும். ஒருவருக்கு வேட்டை, இன்னொருவருக்கு வைத்தியம், வேறொருவருக்குச் சூதாட்டம். ஒருவருக்குக் கைவந்த திறமையையே அவருடைய தமனவாஸ் என்று சொல்வதும் உண்டு. கிப்ஸும் அதைக் குறித்திருக்கிறார். குலதெய்வம் என்று எழுதிய வாக்கியத்தில் இந்தப் பொருளை எங்கே வைப்பது?

ஆனால் ஊருக்கு இதில் பங்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் தேவதாருப் பலகைகளால் கட்டிய நீண்ட வீட்டில் கூடுவார்கள். ஆவி தந்த பாட்டை அதைப் பெற்றவர் பாட, மற்றவர்கள் சேர்ந்து பாடித் துணைநிற்பார்கள்.

‘காவல் தெய்வம்’ என்றாலோ ஊர் எல்லையைக் காக்கும் ஐயனார், அரிவாளோடு நிற்கும் கருப்பசாமி நினைவுதான் வரும். ‘ஏவல் பேய்’ இன்னும் மோசம். இதைப் பேய் வேலை என்று பார்த்த பாதிரிமாரின் வெறுப்பை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

நான் சொல்வது ‘துணையாவி’. ஆவி என்றால் செத்தவரின் பேய்தானே என்பார்கள். உயிர், மூச்சு என்பதே அதன் பழம்பொருள். ‘துணை’ சேர்ந்தால் பயமும் விலகிவிடும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு வேற்று மக்களின் நம்பிக்கை என்றாலே கோயில் சொற்கள்தான் கைக்கு வருகின்றன. வசந்தத்தின் முதல் சால்மன் மீனுக்குச் சினூக் மக்கள் செய்யும் சடங்கையும் ‘படையல்’ ஆக்கிவிடுகிறார்கள். அந்த மீனைக் குறுக்கே வெட்டக் கூடாது, இதயம் நாய்க்குப் போய்விடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சமைத்து, பகிர்ந்து உண்டார்கள். மரியாதை அந்த மீனுக்கே. அதை வேறொரு சாமிக்குப் படைத்ததாக எழுதினால் சடங்கே தலைகீழாகிவிடுகிறது. ‘முதல்மீன் சடங்கு’ என்று எழுதினால் போதும்.