‘சார்ஜ்’ என்னும் சொல்லும் அதற்குரிய தமிழ்ச் சொற்களும்

கைப்பேசிக்குச் சார்ஜ் போடுகிறோம். பஸ் சார்ஜ் கூடிவிட்டது என்கிறோம். புதிய அதிகாரி சார்ஜ் எடுத்துவிட்டார் என்கிறோம். மூன்று இடத்திலும் ஒலிப்பது ஒரே ஆங்கிலச் சொல்தான். ஆனால் அதற்கு ஈடாக ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது, தேடவும் தேவையில்லை.

லத்தீனில் ‘கார்ருஸ்’ என்பது வண்டியைக் குறித்தது. வண்டியில் பாரம் ஏற்றுதல் என்னும் பொருளில் அதிலிருந்து பிற்கால லத்தீனில் ‘கார்ரிக்காரே’ என்ற வினை பிறந்தது. அது பழைய பிரெஞ்சில் உருமாறி 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கப்பல் சரக்கைக் குறிக்கும் ‘கார்கோ’வும், உருவத்தை மிகைப்படுத்தி வரையும் ‘கேரிகேச்சரும்’ அதே வேரில் கிளைத்தவையே. ஆக, இச்சொல்லின் அடிப்படைப் பொருள் சுமை. அந்தச் சுமை கடமையாக ஏறும்போது பொறுப்பு; செலுத்தவேண்டிய பணமாக ஏறும்போது கட்டணம்; பழியாக ஏறும்போது குற்றச்சாட்டு.

தமிழும் இதே வழியில்தான் சிந்தித்திருக்கிறது. ‘பொறுப்பு’ என்பதன் பகுதி ‘பொறு’. அதன் பொருள் தாங்குதல். ‘பொறை’ என்றால் பொறுமை மட்டுமன்று, பாரமும்தான். “பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி” என்று தொடங்கும் 733ஆம் குறளில் அச்சொல் சுமை என்ற பொருளிலேயே வருகிறது. குற்றத்தையும் நாம் ஒருவர்மேல் சுமத்துகிறோம், பதவியை ஏற்கிறோம். ஆங்கிலத்தைப் பார்த்து இவற்றை நாம் ஆக்கிக்கொள்ளவில்லை என்பதால், இவ்விடங்களில் ‘சார்ஜ்’ என்று எழுதுவதற்கு ஒரு காரணமும் இல்லை என்பதே என் கருத்து.

எந்தச் சுமை என்று பாராமல் மொழிபெயர்த்தால் பொருள் கெடும். ஓர் அதிகாரி தம் துறையோடு இன்னொரு துறையையும் கவனிக்கும்போது அதை ‘அடிஷனல் சார்ஜ்’ என்பார்கள். விடுதிக் கணக்கில் மேற்கொண்டு கேட்கும் தொகைக்கும் அதே பெயர்தான். முன்னது கூடுதல் பொறுப்பு, பின்னது கூடுதல் கட்டணம். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போடுபவர் அதிகாரியைக் கட்டணம் வசூலிப்பவராக்கிவிடுவார்.

மின்சாரத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. துப்பாக்கிக் குழலில் மருந்து கெட்டிப்பதும் ஆங்கிலத்தில் இச்சொல்தான். 1745–46இல் லெய்டன் சாடி என்னும் கண்ணாடிக் கலம் கண்டறியப்பட்டு, மின்சாரத்தைத் தேக்கிவைத்து ஒரே வெடிப்பாய் வெளியேற்ற முடிந்த அந்தக் காலத்தில் மின்னியலும் இச்சொல்லை எடுத்துக்கொண்டது. இன்று அது இரு வேறு கருத்துகளைச் சுமக்கிறது. ஒன்று, எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இயல்பாகவே உள்ள பண்பு. கூலூம் என்னும் அலகால் அளக்கப்படுவது. இதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்னூட்டம் என்றும், இலங்கைப் பாடநூல்கள் ஏற்றம் என்றும் வழங்குகின்றன. மற்றொன்று, மின்கலத்தில் ஆற்றலைச் சேமிக்கும் செயல். இது மின்னேற்றம், அதன் எதிர்ச்செயல் மின்னிறக்கம்.

இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது நல்லதன்று. முழுமையாக மின்னேற்றிய பேட்டரியின் நிகர மின்னூட்டம் சுழியாகவே இருக்கிறது. ஒரு முனையில் எவ்வளவு மின்னூட்டம் நுழைகிறதோ அவ்வளவே மறுமுனையில் வெளியேறுகிறது. உள்ளே கூடுவது வேதியாற்றல் மட்டுமே. ‘பேட்டரியில் மின்னூட்டம் நிரம்பியது’ என்று படிக்கும் மாணவர் தவறான படத்தை மனத்தில் வரைந்துகொள்வார். ஆகவே பண்புக்கு மின்னூட்டம், செயலுக்கு மின்னேற்றம் என்று பிரித்து எழுதுவதே தெளிவு. பேச்சில் ‘சார்ஜ் ஏறுது’ என்பதிலும் அந்த ‘ஏறு’ வந்து நிற்கிறது.

சட்டத்தில் காவல்துறை தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அதன்பின் நீதிமன்றம் செய்வது குற்றச்சாட்டு வனைதல், அதாவது எந்தக் குற்றத்துக்காக விசாரணை என்று வரையறுத்தல். இவை வேறுவேறு கட்டங்கள் என்பதால் செய்தி எழுதுவோர் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இடக்கூடாது. இரண்டு கட்டத்திலும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. வழக்குக்கு உள்ளானவர் அப்போது ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ மட்டுமே, ‘குற்றவாளி’ அல்லர்.

விலங்கோ படையோ முன்னோக்கி விரைந்து தாக்குவதும் ஆங்கிலத்தில் ‘சார்ஜ்’ எனப்படும். அங்கே தமிழுக்குப் பாய்தல் என்ற சொல் போதும். ‘லத்தி சார்ஜ்’ என்பதற்குத் தடியடி என்ற சொல் எப்போதோ நிலைத்துவிட்டது.