டி.என்.ஏ. பொருந்தியும் கொலை வழக்கு தோற்பது எப்படி?

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அதை உறுதி செய்தது. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது டி.என்.ஏ. அறிக்கையை. மாதிரிகளை எடுத்தபின் அவை எங்கே, யார் பொறுப்பில் இருந்தன, ஆய்வகம் போய்ச் சேர ஏன் தாமதமானது என்பதற்குத்தான் ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.

இதை ‘டெக்னிக்கல் பாயிண்டில் தப்பிவிட்டார்’ என்று பேசுவது தவறு. மாதிரி வைத்த இரண்டு குழாய்களில் இருப்பது ஒரே ஆளின் டி.என்.ஏ. என்பதுவரைதான் ஆய்வக அறிக்கை சொல்லும். அந்தக் குழாய்க்குள் இருப்பது உண்மையிலேயே சடலத்திலிருந்து எடுத்ததுதானா என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியவை மகஜரும் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) முத்திரையும் பதிவேடும்.

சந்தேகத்துக்கு ஏன் இவ்வளவு இடம்? ஒரு மனித உயிரணுவில் இருக்கும் டி.என்.ஏ. சுமார் 6.6 பிகோகிராம் (ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் பிகோகிராம்). சோதனைக்கு 1 நானோகிராம், அதாவது 1,000 பிகோகிராம், தாராளம். ஏறக்குறைய 150 உயிரணுக்கள் போதும். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆர். கருவி ஒவ்வொரு சுற்றிலும் அதை இரட்டிப்பாக்கும். 30 சுற்றில், கணக்குப்படி, 100 கோடி மடங்கு. இந்தப் பெருக்கத்தில் குற்றவாளியின் டி.என்.ஏ., கையுறை மாற்றாமல் தொட்டவரின் டி.என்.ஏ. என்ற பேதம் கிடையாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்து, காவல் துறை ஆண்டுக்கணக்கில் அவரைத் தேடியது. 2009-இல்தான் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியிலேயே தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்டது என்று. கிருமி நீக்கினால் கிருமி சாகும், டி.என்.ஏ. அப்படியே இருக்கலாம்.

இன்னொரு எதிரி ஈரம். ரத்தம் தோய்ந்த துணியை அப்படியே பாலிதீன் பையில் கட்டினால், நம் ஊர் வெக்கையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சீக்கிரமே வேலையைத் தொடங்கிவிடும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு பொருளையும் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும். திரவ ரத்தம் என்றால் அது உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயும் குளிரும் வேண்டும். சோதனையில் பார்க்கப்படும் துண்டுகள் சுமார் 100 முதல் 450 கார இணை (டி.என்.ஏ. ஏணியின் படி) நீளம் கொண்டவை. டி.என்.ஏ. சிதையும்போது நீளமான துண்டுகள்தான் முதலில் காணாமல் போகும். டி.என்.ஏ.வில் இருபது இடங்களில் ஒப்பிட வேண்டியதை ஏழெட்டு இடங்களில் மட்டும் ஒப்பிட்டால், தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு பல மடங்கு கூடிவிடும்.

தமிழ்நாட்டில் பொருள் போகும் வழி: மகஜர் போட்டுக் கைப்பற்றல், முத்திரை, பொருளை ஒப்படைக்கும் படிவம் 95-இல் நீதிமன்றம், அங்கிருந்து கடிதத்தோடு தடய அறிவியல் ஆய்வகம். போட்ட முத்திரையின் மாதிரிப் பதிவும் கூடவே போக வேண்டும். உறை மேல் இருக்கும் முத்திரையை ஆய்வகம் அதோடு ஒப்பிட்டு, சிதையாமல் இருந்ததா என்று எழுதும். மகஜரில் ஓர் எண், உறையில் வேறு எண் இருந்தாலே போதும், குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார்கள். அதைவிட மோசம், நிலையத்தில் பொருள் கிடந்த நாட்களுக்குப் பதிவே இல்லாதது. மகஜர் சாட்சி வேறு பிறழ்ந்துவிட்டால் அரசு வழக்கறிஞர் கையில் எதுவும் மிஞ்சாது.

கண்ணால் கண்ட சாட்சி இல்லாத கொலை வழக்குகளுக்கு 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகள் வகுத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும், குற்றமற்றவர் என்று கருத வழியே இல்லாதபடி அந்தச் சூழ்நிலைகளின் சங்கிலி பூர்த்தியாக வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. டி.என்.ஏ. அறிக்கையும் அதில் ஒரு கண்ணிதான். சட்டத்தின் பார்வையில் அது நிபுணர் கருத்து. மாதிரியின் பயணம் நிரூபணமாகாவிட்டால் அந்தக் கண்ணி கழன்றுவிடும். ‘இறந்தவரையும் குற்றம் சாட்டப்பட்டவரையும் கடைசியாக ஒன்றாகப் பார்த்தேன்’ என்ற சாட்சியம் போன்ற மற்றக் கண்ணிகள் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், விடுதலையைத் தவிர நீதிபதிக்கு வேறு வழியில்லை.

சுருளி வழக்குத் தீர்ப்பிலேயே நீதிமன்றம் நாடு முழுமைக்கும் நடைமுறை வகுத்தது. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுத வேண்டும். எடுத்த நேரத்திலிருந்து வழக்கு முடியும்வரை பொறுப்புப் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும். அது வழக்குக் கட்டோடு இணைக்கப்பட வேண்டும். விசாரணை நடக்கும் காலத்தில் நீதிமன்ற அனுமதியின்றி யாரும் உறையைப் பிரிக்கவோ மறுபடி முத்திரையிடவோ கூடாது.