24 மணி நேரமும் கிடையாது, 7 வருடமும் கிடையாது: தென்னாப்பிரிக்காவில் ஆள் காணாமல் போனால் சட்டம் சொல்வது

டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை ராத்திரி டர்பனுக்குத் தெற்கே கடற்கரைப் பாறைகளில் தூண்டில் போடப் போனார். விடிந்து பார்த்தால் தூண்டில் கோலும் டார்ச் லைட்டும் பாறைமேல் கிடந்தன, ஆளைக் காணோம். அன்றைக்கே அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். "ஒரு நாள் பாருங்கள், வந்துவிடுவார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்: "ஏழு வருஷம் ஆகட்டும், அதுவரைக்கும் கோர்ட்டில் ஒன்றும் நடக்காது."

இரண்டுமே தப்பு. இந்த நாட்டில் போலீசில் சொல்வதற்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. கோர்ட்டுக்குப் போக ஏழு வருடமும் காத்திருக்க வேண்டியதில்லை. யாரோ எங்கேயோ கேட்டதைச் சொல்ல, அதை நம்பிக் குடும்பங்கள் வருடக்கணக்கில் முடங்கிப்போவதைப் பார்த்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போலீஸ். ஆளைக் காணோம் என்று தெரிந்த அந்த நிமிடமே, எந்த ஸ்டேஷனிலும் சொல்லலாம். காணாமல் போன ஊரிலிருக்கும் ஸ்டேஷனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சமீபத்தில் எடுத்த போட்டோ ஒன்று கொண்டுபோங்கள். கல்யாண ஆல்பத்தில் மேக்கப்போடு இருக்கும் படம் உதவாது, தினமும் பார்க்கிற முகம் தெரிகிற படம் வேண்டும். கடைசியாக எங்கே, யாரோடு பார்த்தது, என்ன உடுத்தியிருந்தார், தழும்பு, மச்சம், பல் கட்டியிருந்தால் எந்தப் பல், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இதையெல்லாம் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது நல்லது. ஸ்டேஷனில் நின்று அழுதுகொண்டு யோசித்தால் பாதி மறந்துபோகும்.

அங்கே எஸ்.ஏ.பி.எஸ். (தென்னாப்பிரிக்கப் போலீஸ்) 55(ஏ) என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பொய்ப் புகாரிலிருந்து போலீசைக் காப்பதும், போட்டோவையும் விவரத்தையும் வெளியிட அனுமதி கொடுப்பதும் இந்தப் படிவம்தான். இது இல்லாமல் படம் வெளியே போகாது என்பதால் அவர்கள் எடுத்துக் கொடுக்காவிட்டாலும் நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். வெளியே வரும்முன் வழக்கு எண்ணையும் விசாரிக்கும் அதிகாரியின் பெயரையும் வாங்கிக்கொள்ளுங்கள். "நாளைக்கு வாருங்கள்" என்றால் ஸ்டேஷன் கமாண்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் போலீஸ் சேவை பற்றிப் புகார் சொல்லும் இலவச எண் 0800 333 177.

அடுத்தது சொல்லவே நாக்கு கூசுகிற விஷயம், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். போலீசில் சொல்லிவிட்டோம், உடல் கிடைத்தால் அவர்களே சொல்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அடையாளம் தெரியாத உடல்கள் அரசுப் பிணவறைக்குப் போகும். டர்பன் வட்டாரத்தில் பீனிக்ஸில் ஒன்று இருக்கிறது. கேட்டு யாரும் வராத உடலை அங்கே நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். கடைசியில் நகராட்சி எடுத்து அடக்கம் செய்துவிடும். நம் வழக்கமோ எரிப்பது. ஆகையால் குடும்பத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளக்கூடிய ஒருவர், ஒரு சித்தப்பாவோ மாமாவோ, போட்டோவோடு பிணவறைக்குப் போய்க் கேட்க வேண்டும். ஒரு தடவை போய் வந்தால் போதாது. ஆற்றிலோ கடலிலோ போனவர் வேறொரு ஊரில் கரை ஒதுங்கியிருக்கலாம்.

இதோடு சேர்ந்ததுதான் டி.என்.ஏ. 2013-ம் வருடத்துச் சட்டம் ஒன்று 2015-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாட்டின் டி.என்.ஏ. தொகுப்பில் காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் என்று தனிப் பகுதி உண்டு. பெற்றோரோ பிள்ளைகளோ கூடப்பிறந்தவர்களோ சம்மதித்து மாதிரி கொடுக்கலாம். வாயின் உள்பக்கம் ஒரு பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள், வலி கிடையாது. விசாரணை அதிகாரியிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, வயது எண்பது என்றால் முதலில் அவரிடமிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, ஆள் வரவில்லை. மாதம் பிறந்துவிட்டது, வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டும். இறப்புச் சான்றிதழ் இல்லாததால் அவர் கணக்கிலிருக்கும் பணத்தை பேங்க் தராது, இன்ஷூரன்சும் வராது. இந்த இடைக்காலத்தில்தான் குடும்பங்கள் உடைந்துபோகின்றன. ஆனால் இந்தக் காலத்துக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது.

கணவன் மனைவி சொத்து பொதுவாக இருக்கிற கல்யாணம் என்றால், வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் சம்மதத்தைப் பெறவே வழியில்லாதபோது, நியாயமான காரணம் இருந்தால் மற்றவர் தனியாகச் செய்ய நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம். 1984-ம் வருடத் திருமணச் சொத்துச் சட்டத்தின் 16-ம் பிரிவு இது. அவருடைய சொத்து முழுவதையும் ஒருவர் கவனிக்க வேண்டிய நிலை என்றால், சொத்துக் காப்பாளர் ஒருவரை நியமிக்க உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். அந்தக் காப்பாளர், இப்படிப்பட்ட சொத்துகளை மேற்பார்வையிடும் மாஸ்டர் அலுவலகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆயுள் காப்பீடு இருந்தால் எப்பாடுபட்டாவது பிரீமியத்தைக் கட்டிக்கொண்டே வாருங்கள். ஆள் வரவில்லையே என்று நிறுத்தினால் பாலிசி காலாவதியாகி, பின்னால் அவர் இறந்ததாக நீதிமன்ற ஆணை கிடைத்தும் கையில் ஒன்றும் வராது.

பிள்ளைகளின் தாயே காணாமல் போய், ஆயா வளர்க்கிறார் என்றால், குழந்தை உதவித்தொகையை ஆயா தன் பெயரில் கேட்கலாம். அன்றாடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்பதுதான் அங்கே கேள்வி. தாயின் இறப்புச் சான்றிதழ் தேவையில்லை, அஃபிடவிட்டோ (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்) பள்ளிக்கூடக் கடிதமோ சமூகப் பணியாளர் அறிக்கையோ கொடுத்து நிரூபிக்கலாம். காரணம் தெரியாமல் மூன்று மாதம் பெற்றவரோடு தொடர்பே இல்லாத பிள்ளையை, 2005-ம் வருடக் குழந்தைகள் சட்டம் கைவிடப்பட்ட பிள்ளையாகக் கருதுகிறது. வளர்ப்புப் பொறுப்பை முறைப்படி வாங்க அந்த வழியும் உண்டு.

இனி ஏழு வருடக் கதை. இந்தியச் சட்டத்தில் ஏழு வருட விதி இருக்கிறது, இங்கிலாந்திலும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த பேச்சு அப்படியே இங்கேயும் நிலைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இத்தனை வருடம் என்ற கணக்கே கிடையாது. 1908-லேயே, இந்த நாட்டின் ஒரு பகுதியாக இருந்த டிரான்ஸ்வாலில், 15 வருடமாகத் தகவல் இல்லாத ஒருவரைப் பற்றிய வழக்கில், ஏழு வருட விதி இங்கே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். காணாமல் போனபோது அவருக்கு என்ன வயது, உடம்பு எப்படி இருந்தது, என்ன தொழில், எந்த ஆபத்தில் இருந்தார், தேடியவர்கள் எப்படித் தேடினார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இறந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று பட்டால் ஆணை கொடுப்பார்கள். அதனால் கோபித்துக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் போன இளைஞனுக்குப் பதினைந்து வருடமும் போதாமல் போகலாம். அலை அடிக்கிற பாறையில் தூண்டிலை விட்டுப் போனவருக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை.

காணாமல் போனவர் கடைசியாக நிலையாக வாழ்ந்த பகுதியின் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நமக்கு அது டர்பன் அல்லது பீட்டர்மாரிட்ஸ்பர்க். குடும்பத்தின் அஃபிடவிட், போலீசின் அறிக்கை, அன்றிலிருந்து தொடப்படாத பேங்க் கணக்கு, கடைசி போன் அழைப்பு எல்லாம் சாட்சி. நீதிமன்றம் பெரும்பாலும் முதலில் ஒரு தற்காலிக ஆணை போட்டு, அதைப் பத்திரிகையில் வெளியிடச் சொல்லும். குறித்த தேதிவரை மறுப்புச் சொல்ல யாரும் வராவிட்டால் அது உறுதியாகும். அந்த ஆணையை உள்துறை அலுவலகமான ஹோம் அஃபேர்ஸில் கொடுத்து இறப்பைப் பதியலாம்.

இங்கே பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. இறந்ததாக அனுமானிக்கிற ஆணை வந்தாலே கல்யாணம் முடிந்துவிட்டதாக ஆகாது. 1979-ம் வருடத்து 23-ம் எண் சட்டப்படி, மனைவியோ கணவனோ தனியாக அதைக் கேட்க வேண்டும். அதுவும் வேண்டும் என்று முடிவு செய்தால், வக்கீலிடம் இரண்டையும் ஒரே மனுவில் கேட்கச் சொல்லிவிடுங்கள். பதிவு செய்யாமல் கோவிலில் தாலி கட்டியதோடு நின்ற கல்யாணம் என்றால் மனைவிக்குச் சொத்தில் பங்கில்லை என்று மிரட்டுகிற மைத்துனர்களும் இருக்கிறார்கள். உயில் எழுதாமல் போனவரின் சொத்தில், இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவிக்கும் வாரிசு உரிமை உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வெள்ளத்திலோ படகு விபத்திலோ போனது கண்ணெதிரே நடந்திருந்தால், வேறொரு வழி இருக்கிறது: மரண விசாரணை. 1959-ம் வருடச் சட்டப்படி, உடல் கிடைக்காவிட்டாலும், இறந்தது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானால் மாஜிஸ்திரேட் அப்படியே பதியலாம். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டால் அனுமான ஆணைக்குச் சமம், கல்யாணமும் அதோடு முடிந்ததாகிவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் உடல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டோடு அடித்துக்கொண்டு போனதை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள் என்றால், அவர்கள் வாக்குமூலத்தை ஞாபகம் மங்குவதற்குள் வாங்கி வையுங்கள்.

இனவெறி ஆட்சிக் காலத்தில், 1960-க்கும் 1994-க்கும் நடுவில், அரசியல் காரணத்தால் காணாமல் போனவர்கள் என்றால் அதற்கு அரசு வழக்குத்தொடர் அமைப்பில் 2005-லிருந்து தனிக் குழு இருக்கிறது. புதைத்த இடத்தைத் தேடித் தோண்டி, எலும்புகளைக் குடும்பத்திடம் ஒப்படைக்கிற வேலை அவர்களுடையது.

இத்தனையும் சொன்ன பிறகும் அந்த அக்கா வெகுநாள் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. "நான் கையெழுத்துப் போட்டால் நானே அவரைக் கொன்ற மாதிரி ஆகாதா?" என்றார். பிள்ளைகளின் பள்ளிப் படிவத்தில் கணவர் பற்றிய கட்டத்தை ஒவ்வொரு வருடமும் வெறுமையாக விட்டுத்தான் கொடுப்பார். பொட்டு வைக்கலாமா என்பதற்கே பெரியம்மா ஒன்று சொல்வார், மாமியார் ஒன்று சொல்வார். திதி தெரியாததால் மகாளய அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கலாம் என்றார் கோவில் ஐயர், ஆனால் உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்ற பயம் அக்காவை விடவில்லை.

அவருக்கு நான் சொன்னது இதுதான்: கோர்ட் கொடுப்பது அனுமானம்தான். கணவர் நாளைக்கே படியேறி வந்தால் ஆணையை ரத்து செய்யலாம். சொத்தைப் பிரிக்கும்போது, திரும்பி வந்தால் திருப்பிக் கொடுக்க ஜாமீன் வாங்கிக்கொள்ளவும் நீதிமன்றத்தால் முடியும். தாலியைக் கழற்றச் சொல்லி எந்த ஆணையும் சொல்லாது. கல்யாணத்தை முடிக்கும் ஆணை மட்டும் அப்படியில்லை, அது ஆனது ஆனதுதான். அதைக் கேட்பதா வேண்டாமா என்று அவரே நிதானமாக முடிவு செய்யட்டும், வேறு யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

வக்கீலுக்குக் காசில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வருமானம் குறைவு என்றால் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் உதவும், ஆலோசனைக்கு 0800 110 110 என்ற எண்ணைக் கூப்பிடலாம். அக்கா அங்கே போனபோது பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். கல்யாணச் சான்றிதழ், கணவரின் அடையாள அட்டை நகல், போலீஸ் வழக்கு எண் எழுதின துண்டுச் சீட்டு, அன்றிலிருந்து வந்த பேங்க் ஸ்டேட்மெண்ட் அத்தனையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அடியில் போஸ்ட் ஆபீசில் கணவர் வாங்கிய மீன்பிடி அனுமதிச் சீட்டு. அவர் அங்கே தூண்டில் போடத்தான் போனார் என்பதற்கு இதுவும் சாட்சி என்று சொல்லி, வக்கீல் அதையும் நகல் எடுத்துக்கொண்டார்.