இம்பெல்லரை மாற்றினீர்கள் சரி, பிய்ந்த இறக்கைகள் எங்கே?

மறுபடியும் ஒரு பாய்மரப் படகு, மறுபடியும் அதே புகார்: “இம்பெல்லர் புதுசு போட்டாச்சு, ஆனாலும் இன்ஜின் சூடேறுது.” இம்பெல்லர் என்பது கடல்நீரை இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் சக்கரம். பழையதை வாங்கிப் பார்த்தேன். ஆறு இறக்கையில் இரண்டைக் காணோம். அவை எங்கே போயின என்று யாரும் தேடவில்லை.

ரப்பர் கரைந்து போகாது. பம்பில் பிய்ந்த துண்டு தண்ணீரோடு போய், பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (இன்ஜினுக்குள் சுற்றும் கூலன்ட் திரவத்தைக் கடல்நீரால் குளிர்விக்கும் பாகம்) சின்னக் குழாய்களின் வாயில் சிக்கிக்கொள்ளும். இந்தப் படகிலும் முனை மூடியைக் கழற்றியதும் கறுப்புத் துண்டுகள் அங்கேதான் அப்பிக் கிடந்தன. கூடவே, எப்போதோ உடைந்து விழுந்த, அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கம்பியின் துணுக்கும். வழி அடைத்திருக்கும்போது புது இம்பெல்லர் மட்டும் என்ன செய்யும்? கிடைத்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு ஒட்டவைத்துப் பாருங்கள். ஆறு இறக்கையும் முழுதாகச் சேரவில்லை என்றால் ஹோஸ் வளைவுகளிலும் தேடுங்கள்.

அப்புறம், அது ஏன் பிய்ந்தது? அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் மசகு. கடல்நீர் வால்வைத் திறக்க மறந்து சில நிமிடம் ஓட்டினாலே பொசுங்கிவிடும். வால்வு திறந்திருந்தும் தண்ணீர் வராவிட்டால், ஃபில்டரில் பாசியோ, அடியில் உறிஞ்சும் துளையில் பிளாஸ்டிக் பையோ இருக்கலாம். இதெல்லாம் சுத்தமாக இருந்தும் சூடு குறையவில்லையா? எக்ஸாஸ்டில் தண்ணீர் கலக்கும் வளைகுழாயைக் கழற்றுங்கள். கரியும் உப்பும் இறுகி, உள்ளே விரல்கூட நுழையாத வளைகுழாய்களைப் பார்த்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) பிடுங்கிப் போடுவது வைத்தியம் அல்ல. அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சூடு காட்டும் மீட்டரின் முள் ஏறட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். கூலன்ட் வடிந்துவிட்டால் சென்சார் வெற்றிடத்தில் நிற்கும், முள் பொய் சொல்லும். ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் எட்டி, எக்ஸாஸ்டில் தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். தண்ணீர் குறைந்து வெள்ளை ஆவி வந்தால், பாயை ஏற்றிவிட்டு இன்ஜினை அணையுங்கள். பாய் ஏற்ற வழியில்லாத இடமென்றால் நங்கூரம் போடுங்கள். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியில் கை வைக்கவே வைக்காதீர்கள், முகம் வெந்துபோகும்.

உபரி இம்பெல்லரும் அதற்கான கேஸ்கெட்டும் படகில் இருக்கட்டும். கட்டுத்துறையில் நிற்கும்போதே ஒரு தடவை உங்கள் கையால் கழற்றி மாட்டிப் பழகுங்கள். சில இன்ஜின்களில் அந்த பம்பு மூடி கண்ணுக்கே தெரியாத பக்கம் இருக்கும், திருகுகளைத் தடவித்தான் கழற்ற வேண்டும்.