திருத்துகல்: குழிந்த தீட்டுகல்லை மட்டமாக்கும் கருவி

தண்ணீர் விட்டுக் கத்தியும் உளியும் தீட்டும் ஜப்பானிய நீர்க்கல்லை வாங்கியவர்கள் சில மாதத்தில் ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள்: கல் நடுவில் குழிந்துவிடும். அதை மட்டமாக்கும் கருவியை ஒருவர் ஃப்ளாட்டனிங் ஸ்டோன் என்கிறார், இன்னொருவர் லேப்பிங் பிளேட் என்கிறார், வேறு சிலர் நகுரா என்கிறார்கள். இந்தக் கடைசிப் பெயர் தவறு. அதை நம்பி வாங்கினால் காசு வீண்.

நகுரா என்பது ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், பழைய மிகாவா பகுதியில் கிடைத்த ஒரு கல்லின் பெயர். நுண்ணிய கல்லின் மேல் தேய்த்துக் கல்சேறு எழுப்புவதுதான் அதன் வேலை. கைக்குள் அடங்கும் அளவு என்பதால் குழியோடு சேர்ந்தே அதுவும் இறங்கி ஏறும். மேடு பள்ளத்தைச் சீராக்காது. மட்டமாக்கும் வேலைக்கு ஜப்பானியர் சொல்வது மென்-நவோஷி. மென் என்றால் முகம், பரப்பு. நவோஷி என்றால் சரிசெய்தல்.

தமிழில் என்ன சொல்லலாம்? சாணை என்ற சொல் சமஸ்கிருதத்தில் தீட்டுகல்லைக் குறிக்கும் ‘சாண’ என்ற சொல்லோடு தொடர்புடையது. சாணை பிடிப்பது என்றாலே சுழலும் சக்கரம்தான் நம் கண்முன் வரும். கையால் தேய்க்கும் தட்டைக் கல்லுக்குத் தீட்டுகல்லே பொருத்தம். கத்தி தீட்டுகிறோம், அரிசி தீட்டுகிறோம். தேய்த்துச் செம்மையாக்கும் பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது.

தமிழுக்கும் இந்தக் கற்களுக்கும் இன்னொரு உறவும் உண்டு. இன்றைய செயற்கை நீர்க்கற்கள் பெரும்பாலானவற்றில் உராய்வது அலுமினியம் ஆக்சைடு. அதன் இயற்கை வடிவத்தை ஆங்கிலத்தில் கொரண்டம் என்பார்கள். அந்தப் பெயர் தமிழ்க் குருந்தத்திலிருந்து போனது.

சரி, மட்டமாக்கும் கருவிக்கு வருவோம். மட்டம் நல்ல தொழிற்சொல். ரசமட்டம், மூலைமட்டம் என்று கொத்தனாரும் தச்சரும் அன்றாடம் புழங்குவது. ஆனால் மட்டக்கல் என்றால் தரம் குறைந்த கல் என்றும் கேட்கும். மட்டமான சரக்கு என்று சொல்லிப் பழகிவிட்டோமே. அதனால் செயலை ‘முகம் மட்டமாக்குதல்’ என்றும், கருவியைத் ‘திருத்துகல்’ என்றும் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. வைரத் துகள் பதித்த உலோகத் தகடாக இருந்தால் வைரத் தகடு.

நீர்க்கல் குழிவது அதன் குறையல்ல. துகள்களைப் பிடித்திருக்கும் பிணைப்பு மென்மையாக இருப்பதால் தேய்ந்த துகள் உதிர்ந்து புதுத்துகள் மேலே வருகிறது. அதனால்தான் அது இரும்பை வேகமாக அரிக்கிறது. அந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலைதான் குழி. சமையல் கத்திக்குச் சின்னக் குழி பெரிய பாதகமில்லை. உளிக்கும் இழைப்புளி அலகுக்கும் அப்படியல்ல. உளியின் தட்டைப் பக்கம் கல்லின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். கல் குழிந்தால் உளி புடைக்கும்.

கல்லோடு சேர்த்து விற்கும், வரிப்பள்ளம் வெட்டிய சிலிக்கான் கார்பைடு திருத்துகல் விலை குறைவு. ஆனால் அதுவே தேய்ந்து கோணலாகும். அப்புறம் அதைத் திருத்த இன்னொன்று வேண்டும். அடிக்கடி தீட்டுபவருக்கு என் பரிந்துரை வைரத் தகடுதான். விலை உறைத்தாலும் அதன் மட்டம் நிலைத்து நிற்கும். எண் என்பது துகளின் அளவு; எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். 140 எண் தகடு 1000 எண் கல்லுக்கு விரைவாக வேலை செய்யும். 8000 போன்ற நுண்கல்லில் அது கீறல் விடும். அதற்கு 400 எண் நல்லது.

இப்போதைக்குச் செலவு வேண்டாம் என்றால் தடித்த கண்ணாடியின் மேல் நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டித் தேய்க்கலாம். மெல்லிய கண்ணாடி வளையும், வேண்டாம். தாளிலிருந்து உதிரும் முரட்டுத் துகள் கல்லில் பதியும் என்பதால் முடித்ததும் நன்றாகக் கழுவ வேண்டும்.

எதைக் கொண்டு தேய்த்தாலும் முதலில் கல்முகம் முழுதும் பென்சிலால் கட்டம் போடுங்கள். கோடு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். கடைசிக் கோடும் மறையும்வரை தேய்த்து, கூரான விளிம்புகளைச் சற்று மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவை பொரிந்து உதிரும்.

220 எண்ணும் அதற்குக் கீழும் உள்ள முரட்டுக் கற்களை மட்டும் வைரத் தகட்டில் தேய்க்காதீர்கள். உதிரும் பெரிய துகள்கள் வைரத்தைப் பிடித்திருக்கும் பூச்சை அரித்துவிடும். அவற்றுக்குக் கண்ணாடியின் மேல் சிலிக்கான் கார்பைடு பொடியைத் தூவி, தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே போதும்.